தார் என்று எழுதிக் கொடுத்தவள்

தம்பி,

கையில் தொலைபேசி இருக்க அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். பொறுத்துக்கொள். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் எனக்கு அழுகை வரும், இல்லாவிட்டால் நீ "சரி அம்மா, பிறகு கதைப்பம்" என்பாய். எது நடந்தாலும் சொல்ல வந்தது நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்து, நீ கட்டப்போகிற பிள்ளையைப் பற்றி என்னிடம் ஒன்று கேட்டாய். "அம்மா, அவளிட்டை ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. சைக்கிளாலை விழுந்தது எண்டே இருக்கட்டும். லேசர் தோலுக்கு ஒத்துவரேல்லை எண்டு சொல்லுவம்" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்கு எழுதுகிறேன். பெயர் எதையும் போடவில்லை. நீ வாசித்து முடித்த பிறகு இது யார் கையில் கிடைத்தாலும் எனக்குக் கவலையில்லை. இப்படி ஒரு வீடு எங்களுடையது மட்டுமாக இருக்காது.

கொழும்பில் அந்தத் தோல் கிளினிக்குக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது நீ. பத்து வயதிலிருந்து உன் இடது கன்னத்திலும் கழுத்திலும் மிளகுத்தூள் தூவிவிட்டது போலத் தோலுக்கு அடியில் கிடக்கிற அந்த நீலக் கறுப்புப் புள்ளிகளைக் கல்யாணத்துக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாய். "சின்ன வயசுக் கதையெல்லாம் டொக்டர் கேப்பா, நீங்களும் வாங்கோ அம்மா" என்றாய். இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு இன்னும் நான் தேவைப்படுகிறேனே என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டு வந்தேன். ரயிலில் உனக்குத் தோசை கட்டிக்கொண்டு வந்தேன். நீ ஏன் என்னைக் கூப்பிட்டாய் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன். நீ சொன்னால் உன் குரல் தடுமாறும். நான் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள்.

டொக்டர் உன்னைவிட நாலைந்து வயதுதான் மூத்த பெண்ணாக இருப்பா. பொறுமையாக விளங்கப்படுத்தினா. "தாரும் மண்ணும் எண்டால் பயமில்லை அம்மா. லேசர் வெளிச்சம் கறுப்பைத் தேடிப் போய் உடைக்கும். உடைஞ்ச தூளை உடம்பு மெல்ல மெல்லக் கொண்டுபோயிடும். ஆனா கனதரம், ஏழெட்டுத் தரமாவது, வரவேணும்." பிறகு உன்னைப் பார்த்து, "வெடி, பட்டாசு, மருந்து எண்டு ஏதும் பட்டதோ?" என்று கேட்டா. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். எனக்கு அந்தப் பார்வை நல்ல ஞாபகம். நான் சொன்னேன்: "இல்லை டொக்டர், சைக்கிளாலை விழுந்தவர். தார் ரோட்டிலை கன்னம் தேய்ஞ்சுபோச்சு." படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். காயத்தின் காரணம் என்ற இடத்தில், 'தார் வீதியில் துவிச்சக்கரவண்டியிலிருந்து விழுந்தமை' என்று ஒரு வெட்டுக் கொத்து இல்லாமல் எழுதினேன். சைக்கிள் என்று எழுதினாலே போதும். பட்டதாரி அல்லவா, துவிச்சக்கரவண்டி என்று எழுதினேன்.

உன் கண்களுக்கு உலோக மூடி போட்டார்கள். எனக்கு ஒரு பச்சைக் கண்ணாடி தந்து மூலையில் இருக்கச் சொன்னார்கள். வெளியில் தெரியாத இடத்தில் முதலில் பார்ப்போம் என்று காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் தொடங்கினா டொக்டர். முதலாவது அடிக்கு ஒரு சின்னச் சத்தம். இரண்டாவதுக்கும் அப்படித்தான். மூன்றாவதுக்கு உன் தோலில் ஒரு பொறி பறந்தது தம்பி. நான் கண்ணால் கண்டேன். நெருப்புக்குச்சி அணைந்த மணம் வந்தது. அந்த இடத்தில் குண்டூசித் தலை அளவு குழி, அதில் ஒரு துளி இரத்தம். டொக்டர் மெசினை நிற்பாட்டிவிட்டு முகமூடியைக் கழற்றினா. "இது தார் இல்லை. தார் இப்பிடிப் பத்தாது. இது வெடிமருந்து. லேசர் பட்டால் தோலுக்குள்ளையே வெடிக்கும். நல்ல காலம், கன்னத்திலை தொடங்கேல்லை. அம்மா, எனக்குச் சரியாச் சொல்லுங்கோ." "சத்தியமா சைக்கிள்தான் டொக்டர், என்ரை பிள்ளையாணை" என்றேன். அப்போது நீ, கண் மூடியைக் கழற்றாமலே, கட்டிலில் கிடந்தபடி சொன்னாய்: "டொக்டர், அம்மாவுக்குத் தெரியாது."

அந்தக் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. 'அம்மாவுக்குச் சீனி கூடாது' என்பது போல, வீட்டில் எல்லாருக்கும் பழகிப்போன ஒன்றைச் சொல்கிற குரல் அது. பிறகு நீ டொக்டருக்குச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. மூலையில் அந்தப் பச்சைக் கண்ணாடியைக் கழற்றாமல் இருந்தேன். அதைக் கழற்றினால் என் கண் தெரிந்துவிடும் என்று கூச்சமாக இருந்தது.

மறுநாள் ஊருக்கு, கோப்பாய்க்கு வந்து இறங்கியதும் வீட்டுக்குள் போகாமல் தோட்டத்துக்குத்தான் போனேன். உன் அப்பா வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். "பிள்ளையின்ரை முகத்திலை கிடக்கிறது என்ன?" என்று கேட்டேன். நீ அதற்கு முன்பே அவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருந்தாய் என்பது அவர் தலையை நிமிர்த்தாததில் விளங்கியது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர் சொன்னார். போர் முடிந்து இரண்டாம் வருடம். தென்மராட்சிக் காணியைத் துப்புரவாக்கப் போன இடத்தில் என் தம்பி, உன் மாமா, மண்ணுக்குள் கிடந்த பழைய தோட்டாக்கள் கொஞ்சத்தைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். இருபத்திரண்டு வயது, ஒரு விளையாட்டு. அதிலிருந்த மருந்தைத் தேங்காய்ச் சிரட்டையில் கொட்டி, மருமகனுக்கு வேடிக்கை காட்ட நெருப்பு வைத்திருக்கிறான். நீ எட்டிப் பார்த்திருக்கிறாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் வெடிக்காயம் என்று பதிவார்கள், பொலிஸ் வரும், ஆமி வரும், அவனைக் கொண்டுபோய்விடுவார்கள். தெரிந்த ஒருவரிடம் கழுவி மருந்து கட்டிவிட்டு, சைக்கிளின் ஹாண்டிலை மரத்தில் மோதி முறுக்கி வாசலில் போட்டுவிட்டு, எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் அப்போது இங்கே பக்கத்தில், திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தில் வெளிவாரிப் பட்டத்தின் கடைசிச் சோதனை எழுதிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "உமக்குப் பொய் சொல்ல வராது. முகத்திலை எழுதி ஒட்டின மாதிரி இருக்கும். ஆமிக்காரன் வந்து கேட்டால் நீர் என்ன சொல்லியிருப்பீர்? அவன்ரை உயிர் உம்முடை வாயிலை கிடந்தது" என்றார். சரி, அது நியாயம். அந்தக் காலம் அப்படி. நானும் அந்தக் காலத்தில்தான் இருந்தேன். "அவன் கனடாவுக்குப் போய்ப் பத்து வருசமாச்சு. அதுக்குப் பிறகு?" என்றேன். அப்பா ஊன்றிய மண்வெட்டியைப் பிடுங்கி எடுத்தார். "சொல்லுறதுக்கு ஒரு நாள் வாய்க்கேல்லையப்பா" என்றார். வாய்க்காலைத் திருப்ப வேண்டும் என்று போய்விட்டார். கனடாவிலிருந்து உன் மாமாவும் எடுத்தான், அழுதான். அழுதுகொண்டே, "அக்கா, உங்களாலைதான் நான் தப்பினனான். நீங்கள் சொன்னதை ஒருத்தரும் சந்தேகப்படேல்லை" என்றான். எனக்கு நன்றி சொல்கிறானாம்.

அவன் சொன்னது உண்மை. மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியது நான். எப்படிக் காயம் என்று கேட்ட தாதிக்கு, டொக்டருக்கு, பிறகு பள்ளிக்கூடத்தில் அதிபருக்கு, சோதனைச் சாவடியில் உன் முகத்தைப் பார்த்து வினவியவனுக்கு, எல்லாருக்கும் நான்தான் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் முதல் படித்தவள், எங்கள் ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவள், வாய் திறந்தால் பொய் வராதவள். அதனால்தான் என்னை நம்பினார்கள். ஒரு பொய்யை நம்ப வைக்கப் பொய் சொல்லத் தெரியாத ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறாள். என் நேர்மையை, எனக்கே சொல்லாமல், எல்லாருமாக எடுத்துப் பாவித்திருக்கிறீர்கள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் அன்றைக்குப் பயம் இருந்தது. அதற்குப் பிறகு இருந்தது வசதி.

உனக்கு ஒன்று தெரியுமா? அந்தச் சைக்கிளை நீ ஓடிப் பழக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான். எனக்கு வகுப்பு, உன்னை ஏற்றி இறக்க நேரமில்லை, தன்பாட்டில் போய் வரட்டும் என்று சொன்னேன். உன் அப்பா, "சின்னப் பெடியன், இப்ப ஏன்?" என்றார். நான் கேட்கவில்லை. ஆகவே நீ விழுந்தாய் என்று சொன்னபோது, உன்னை விழுத்தியது என் படிப்பு என்று முடிவு கட்டினேன். சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு வரை உன்னை என் சைக்கிள் கரியரில் வைத்து ஏற்றிப் போனேன். உன் கூட்டாளிமார் "டேய், பாசல் வருது, கையெழுத்து வைச்சு எடுங்கோ" என்று கத்துவார்கள். நீ காதெல்லாம் சிவந்து குனிந்திருப்பாய். ஒரு நாளாவது, "அம்மா, நான் சைக்கிளாலை விழேல்லை" என்று நீ சொல்லியிருக்கலாம். பகிடி தாங்க முடியாமலாவது சொல்லியிருக்கலாம்.

பட்டமளிப்பு விழாவுக்கு நான் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் போகவில்லை என்று நீ கேட்டதில்லை. எங்கள் பரம்பரையில் அந்தக் கறுப்புச் சட்டையைப் போட இருந்த முதல் ஆள் நான். சேலை கூட எடுத்து வைத்திருந்தேன். ஆனால் உன் முகத்தில் அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு நான் போய்ப் படம் எடுத்துக்கொள்வது எனக்கு அருவருப்பாக இருந்தது. அன்று காலை மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். என்னோடு படித்த ஒருத்தி வானுக்குள் இருந்து என்னைக் கண்டு கையசைத்தாள். நான் காணாத மாதிரிக் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தபோது அப்பா, "என்ன, போகேல்லையோ?" என்று மட்டும் கேட்டார். ஏன் போகவில்லை என்று அவருக்குத் தெரியும். ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். இன்னும் நேரம் இருந்தது.

பத்து வயதுப் பிள்ளையோடு எனக்குக் கோபம் இல்லை தம்பி. 'அம்மாவுக்குச் சொன்னால் மாமாவைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்' என்று பெரியவர்கள் சொன்னால் பிள்ளை வாயை மூடத்தான் செய்யும். என் கோபம் பத்தொன்பது வயதுப் பிள்ளையோடு. உனக்குக் கொழும்பில் கம்பஸ் கிடைத்து, நான் உன்னை பஸ் ஏற்றிவிட வந்த நாளை நினைத்துப் பார். பஸ் வரப் பிந்தியது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, ஒன்பது வருடமாக உள்ளே வைத்திருந்ததை உன்னிடம் சொன்னேன். "தம்பி, அந்தச் சைக்கிளுக்காக அம்மாவை மன்னிச்சுக்கொள்" என்றேன். நீ என் தோளில் கை போட்டு, "அதெல்லாம் பரவாயில்லை அம்மா, விடுங்கோ" என்றாய். எவ்வளவு பெரிய மனம் என் பிள்ளைக்கு என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். நான் செய்யாத பிழைக்கு நீ எனக்கு மன்னிப்புத் தந்திருக்கிறாய். அதை நான் கைநீட்டி வாங்கியிருக்கிறேன். அந்தப் பொறியைவிட, அந்தக் குழியைவிட, 'அம்மாவுக்குத் தெரியாது' என்ற சொல்லைவிட, எனக்கு இதுதான் ஆறவில்லை. எத்தனை தரம் நினைத்தாலும் உன் கையின் பாரம் தோளில் தெரிகிறது.

என் பிழையையும் எழுதத்தான் வேண்டும். அன்று வீட்டுக்கு வந்தபோது நான் சைக்கிளைப் பார்த்தேன். ஹாண்டில் முறுகிக் கிடந்தது, ஆனால் பெடலில் ஒரு கீறல் இல்லை. நீ காலையில் போட்டிருந்த மேல்சட்டையைத் தேடினேன், காணவில்லை. மாமாவின் புருவத்தில் ஒரு பக்கம் மயிர் கருகியிருந்தது. எல்லாவற்றையும் கண்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கண் நன்றாகத் தெரியும், வாய்தான் வராது. கேட்டால் என்ன பதில் வருமோ என்று கூச்சப்பட்டு, பயப்பட்டு, கேட்காமல் விட்டேன். சோதனை எழுதிவிட்டு வந்தவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிவில்லை. அதுமட்டுமில்லை. நீ கணக்குப் பாடத்தில் தவறியபோது நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். அப்பா கடிதத்தில் எழுத்துப் பிழை விட்டால் சிவப்புப் பேனையால் திருத்திக் காட்டினேன். எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்கு வந்த மனிசன் அதற்குப் பிறகு எனக்கு முன்னால் பேனை எடுத்ததில்லை. கெட்ட செய்தியை என்னிடம் கொண்டுவர முடியாதபடி வீட்டை நானே கட்டி வைத்திருந்தேனோ என்று இந்தக் கிழமை முழுக்க யோசிக்கிறேன். அப்படித்தான் என்றால், அதில் என் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பங்கையும் சேர்த்து எடுக்க மாட்டேன்.

நீ புதுக் குடும்பம் தொடங்கப் போகிறாய். அறிவுரை சொல்ல எனக்கு இப்போது வாயில்லை என்றாலும் ஒன்றைச் சொல்கிறேன். சொல்லாமல் விட்ட விஷயம் முதல் நாளில் சின்னது. அடுத்த நாள் சொல்லும்போது, ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்பா சொன்ன அந்த வாய்க்காத நாள் அப்படித்தான் தள்ளித் தள்ளிப் போயிருக்கும். அவர் கெட்டவர் இல்லை. இன்றைக்கும் என் தேத்தண்ணீரை அவர்தான் ஊற்றி வைக்கிறார். நான் எடுத்துக் குடிக்கிறேன். ஆனால் அவர் ஏதாவது சொன்னால், 'மழை வரும்போலை' என்று சொன்னால்கூட, வெளியில் எட்டிப் பார்க்கிறேன். முன்பு பார்த்ததில்லை. இருபத்தாறு வருடம் ஒன்றாக இருந்த பிறகு வருகிற இந்தப் புதுப் பழக்கம் எவ்வளவு களைப்பு என்று உனக்கு இப்போது விளங்காது. விளங்காமலே இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

உன் முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டொக்டர் எனக்குத் தனியாக விளங்கப்படுத்தினா. பெரிய துணிக்கைகளை நுண்ணிய கருவியால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க வேண்டுமாம். அது ஆறிய பிறகு, மிஞ்சுகிற தழும்புக்கும் குழிக்கும் வேறு வகை லேசர் இருக்கிறதாம். அது கறுப்பைத் தேடிப் போவதில்லை, தோலைச் சமப்படுத்துவதாம். ஒரு வருடம் கூட எடுக்கும், ஆவணிக் கல்யாணத்துக்குள் முடியாது என்றா. "அவசரப்பட வேண்டாம் அம்மா, உண்மை தெரிஞ்சதாலைதான் இனிச் செய்யலாம்" என்றா. நீ பொறுமையாகச் செய். வேண்டாம் என்றால் விட்டுவிடு. அந்தப் புள்ளிகளோடுதான் உன்னை அவளுக்குப் பிடித்தது.

அவளைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதினேன். பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய அம்மா உன் கன்னத்தைக் காட்டிக் கேட்டபோது பதில் சொன்னதும் நான்தானே. "சைக்கிளாலை விழுந்தவர்" என்றேன். அவள் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றபடி, "அப்ப சைக்கிளும் ஓடத் தெரியாதவரையோ மாமி எனக்குக் கட்டிவைக்கப் போறியள்?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய், அப்பாவும் சிரித்தார். அந்த அறையில் அவளும் அவளுடைய ஆட்களும் நானும் மட்டும்தான் உண்மையாகச் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்புக்காகவே எனக்கு அவளைப் பிடித்தது. கிளினிக்குக்குப் போய் வந்த பிறகு, "மாமி, டொக்டர் என்ன சொன்னவ?" என்று மூன்று தரம் எனக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். நான் பதில் போடவில்லை. அவளுக்குக் கோபமோ தெரியாது.

உன் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. வெடிமருந்து என்றால் அவளுடைய வீட்டார் இயக்கம், குண்டு என்று வேறு எதையாவது நினைப்பார்கள் என்று பயப்படுகிறாய். நினைக்கலாம். கல்யாணம் ஒரு மாதம் தள்ளிப் போகலாம். சிலவேளை நின்றும் போகலாம், நான் இல்லையென்று சொல்லவில்லை. இதுவரை அந்தப் பொய்யைச் சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது. இனிச் சொன்னால் தெரிந்து சொல்கிறேன். அதை நான் செய்ய மாட்டேன். உனக்காகவும் மாட்டேன். அதேவேளை உன்னை முந்திக்கொண்டு போய் அவளிடம் சொல்லவும் மாட்டேன். அது என் காயம் இல்லை, உன்னுடையது.

வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணச் சேலைக்குச் சட்டை அளவு கொடுக்க அவள் இங்கே வருகிறாள். பின்னேரம் முழுக்க என்னோடுதான் இருப்பாள். ஆகவே இவ்வளவு நேரமும் தயங்கிய ஒன்றை உன்னிடம் கேட்கிறேன். வியாழக்கிழமைக்குள் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லு: சிரட்டையில் இருந்ததை, மாமா நெருப்பு வைத்ததை, பஸ் நிலையத்தில் நான் மன்னிப்புக் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்பதை. உன் வாயால் சொல்லு, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் சொல்லு.

அம்மா